அழுதால் சிவக்க வேண்டும்

எனக்கு எழுபத்துநான்கு வயது. ஐந்து பேரைப் பெற்றேன், ஐந்து பேரை வளர்த்தேன். ஆனால் பெற்ற ஐந்தும் வளர்த்த ஐந்தும் ஒன்றல்ல. அதைக் கடைசியில் சொல்கிறேன். இடையில் சொன்னால் எனக்குக் கோர்வை அறுந்துபோகும். எழுத்தில் எனக்குத் தெரிந்தது என் பெயரும் பஸ் போர்டும்தான். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். திருப்பதியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். இடது கையில் ஊசி. மேலே தொங்கும் பையிலிருந்து ரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. வலது கை சும்மாத்தானே இருக்கிறது, எழுது என்றேன். எங்கள் ஊர் ஆந்திராவில்தான், ஆனாலும் நாகலாபுரத்தில் தமிழ் மீடியத்தில் படித்தவள், எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

ஊசி குத்திய கைக்கு அடியில் ஒரு புடவையை மடித்து வைத்திருக்கிறேன். நீல வாயில் துணிப் புடவை, மெல்லிசுப் பருத்தி, மஞ்சள் சிறு பூப் போட்டது. இப்போது நீலம் சாம்பலாகிவிட்டது, பூக்கள் இருக்கும் இடம் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். மாதா மாதம் இங்கே வரும்போது மஞ்சள் பையில் இதை எடுத்து வருவது என் வழக்கம். நர்சுகள் சிரிப்பார்கள், நல்ல தலையணை தருகிறோம் ஆயா என்பார்கள். தலையணை வேறு, இது வேறு. இந்தப் புடவை குவைத்திலிருந்து விமானத்தில் வந்தது. கடையில் வாங்கியதல்ல. ஒருத்தி கட்டி, துவைக்காமல், வேண்டுமென்றே துவைக்காமல், பிளாஸ்டிக் கவரில் போட்டு நூலால் இறுக்கிக் கட்டி அனுப்பியது.

அந்த ஒருத்தி என் மூத்த மருமகள், இந்தப் பேத்தியைப் பெற்றவள். என் அண்ணன் மகளும் அவள்தான். பிறந்தது முதலே என்னை அத்தை என்று கூப்பிட்டவள், மருமகளாக வந்த பிறகும் அதே அத்தைதான். நல்ல உயரம். நாற்றுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் நடந்தால் கை வீசித்தான் நடப்பாள், கட்டைப் பிடிக்க மாட்டாள். சிரிக்கும்போது மட்டும் புறங்கையால் வாயை மூடிக்கொள்வாள். எங்கள் மாமனார் காலத்தில் எங்களுக்குக் காணி நிலம் கிடையாது, அடுத்தவன் வயலில் குனிந்தே முதுகு வளைந்தவர்கள் நாங்கள். சர்க்கார் ஒரு மேட்டுத் துண்டுக்குப் பட்டா கொடுத்தது. அதில் வேர்க்கடலை போட்டோம். மழை ஏமாற்றியது. போர் போட்டோம், புகைதான் வந்தது. திருப்பதியில் அப்போதுதான் தெருவுக்குத் தெரு லாட்ஜுகள் எழும்பத் தொடங்கியிருந்தன. அவள் புருஷன், என் மூத்த மகன், கொத்து வேலைக்கு அங்கே போய்விட்டான். ஊரில் ஆண்கள் குறைந்தார்கள். பிறகு ஏஜெண்டுகள் வந்தார்கள், பெண்களையும் கேட்டார்கள். குவைத்தில் வீட்டு வேலை. அந்த வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அங்கே கத்தாமா என்று பெயர். எங்கள் பக்கத்துப் பெண்கள் அந்தச் சொல்லைத் தமிழ்ச்சொல் மாதிரியே சொல்லப் பழகிவிட்டார்கள்.

மருமகள் பாஸ்போர்ட் கொடுத்தபோது வயிற்றில் ஒன்றும் இல்லை. விசா வந்தபோது மடியில் பிள்ளை இருந்தது, கழுத்து நின்று, குப்புற விழுந்து, ஆள் பார்த்துச் சிரிக்கிற வயது. விசா நிற்காது, போனால் போனதுதான் என்றார்கள். அந்தப் பிள்ளையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் யாரும் சிவப்பில்லை. இவளும் கறுப்புத்தான். ஆனால் அந்தக் கறுப்புக்கு உள்ளே ஒரு சிவப்பு இருந்தது, புதுப்பானையில் நெருப்பு வைத்த மாதிரி. உள்ளங்காலைத் தொட்டால் கையில் ஒட்டிக்கொள்ளுமோ என்று தோன்றும். அழுதால் காது மடல் வரை செந்தூரம். எதிர்வீட்டு அண்ணி வந்து பார்த்துவிட்டு, “இன்னாடி இது, புள்ளைக்குத் தினமும் பீட்ரூட்டு ஊட்றியா?” என்று கேட்டுக் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவாள். அவள் போனதும் நான் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவேன்.

போவதற்கு முன் ஒருநாள் மருமகள் பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டே கேட்டாள்: “அத்தை, நான் போய்ட்டா இந்தச் செவப்பு நிக்குமா?”

“நாலு புள்ள வளத்தவ நானு. எங்கையில வாடுமாடி?” என்றேன்.

அது எனக்குப் பெருமைதான், மறைக்கவில்லை. ஊரில் யார் வீட்டுப் பிள்ளை சாப்பிடாவிட்டாலும், தூங்காவிட்டாலும் என்னிடம் கொண்டு வருவார்கள். என் கை அப்படிப்பட்ட கை.

பால் வற்றுவதற்காக மருமகளின் மார்பில் மல்லிகைச் சரம் வைத்துக் கட்டினோம். அது கேட்கவில்லை. பஸ் ஏறும்போது ரவிக்கை நனைந்து பூ வாசமும் பால் வாசமும் சேர்ந்து வந்தன. முந்தின நாள் கட்டியிருந்த புடவையை அவிழ்த்து என்னிடம் கொடுத்தாள். தாய் ஊரில் இல்லாத பிள்ளைக்கு, தாய் கட்டின புடவையைத் துவைக்காமல் தூளி கட்ட வேண்டும். வாசம் இருக்கிறவரை தாய் பக்கத்தில் இருப்பதாகப் பிள்ளை நம்பும், ஏக்கம் பிடிக்காது. எங்கள் வழக்கம் இது, யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பஸ் கிளம்பியதும் அவள் ஜன்னல் வழியாகப் பிள்ளையைப் பார்க்கவில்லை, என் கையில் இருந்த புடவையைத்தான் பார்த்தாள்.

அதன் பிறகு வீட்டில் நானும் பிள்ளையும்தான். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகியிருந்தன. மகள் சென்னையில், சின்னவன்கள் இரண்டு பேரும் அவனவன் பிழைப்பைத் தேடி. பகலெல்லாம் நான் பேசுவேன், பிள்ளை கேட்கும். பாலாடையில் பசும்பால், பிறகு கேழ்வரகுக் கூழ், பிறகு குழைந்த சோறு. எல்லாம் ஒழுங்காகத்தான் கொடுத்தேன். ஆனால் அந்தச் சிவப்பு இறங்க ஆரம்பித்தது. ஒரே நாளில் அல்ல. விளக்கில் எண்ணெய் குறைவதை யாராவது பார்த்திருக்கிறீர்களா? அப்படி. முதலில் உள்ளங்கால், பிறகு உள்ளங்கை, பிறகு உதடு. வயிறு மட்டும் உப்பிக்கொண்டே வந்தது. கூழ் கிண்ணத்தைப் பார்த்தாலே தலையைத் திருப்பிக்கொள்வாள்.

ஊர் சும்மா இருக்குமா? குழாயடியில் எதிர்வீட்டு அண்ணிதான் முதலில் சொன்னாள்: “சவலை பாஞ்சிட்டுது. பால் மறந்த புள்ள இல்ல, பால் புடுங்கின புள்ள. துட்டு துட்டுனு அவ ஏரோப்ளேன் ஏறிட்டா. இங்க இது ஏங்கிப்போயி வெளுத்துக்கினு கெடக்குது.”

“ஏண்டி, உம் மவனும்தான் தடா பக்கம் கம்பெனிக்குப் போறான். ஒனக்கு வெளுக்கலையே?” என்று நானும் பதிலுக்கு விட்டேன். சிரித்தார்கள். ஆனால் வீட்டுக்கு வந்து தூளியில் மூக்கை வைத்துப் பார்த்தேன். புடவையில் பூ வாசமும் இல்லை, பால் வாசமும் இல்லை, பிள்ளையின் மூத்திர வாசம்தான் இருந்தது. எனக்கும் அதுதான் காரணம் என்று பட்டது. காளஹஸ்திக்குப் போய் ராகு கேது பூசையும் செய்து வந்தேன். பூசைக்குக் குறை வைக்கவில்லை. நிறம் திரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை தோறும் நாகலாபுரம் எஸ்டிடி பூத்துக்கு மருமகளின் போன் வரும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் காத்திருப்பேன். ஒரு வெள்ளிக்கிழமை, “பொண்ணு எப்படி கீறா?” என்று கேட்டவளிடம், வாசம் போய்விட்டது என்று சொன்னேன். “அனுப்புறேன் அத்தை” என்றாள்.

அங்கே அவள் பகலெல்லாம் நீண்ட அங்கி போட்டுக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். படுக்கப் போகும்போது மட்டும் தன் புடவையைக் கட்டிக்கொள்வாளாம். அந்த நீலப் புடவையைத் துவைக்காமல் திரும்பத் திரும்ப அதையே கட்டியிருக்கிறாள். அறைக்குள் வந்த எஜமானி மூக்கைப் பிடித்துக்கொண்டு திட்டியிருக்கிறாள், இவள் சோப்பு இல்லை என்று கையை விரித்திருக்கிறாள். ஊருக்குத் திரும்பிய புத்தூர் டிரைவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டாள். அவர் எங்கள் வாசலில் வந்து நின்று, “இன்னாம்மா உன் மருமவ! எல்லாரும் கம்பளி அனுப்புவாங்க, செண்டு அனுப்புவாங்க. அழுக்குப் பொடவ அனுப்புறத இப்பதான் பாக்குறேன்” என்றார். நான் நூலை அவிழ்த்தேன். கவரைத் திறந்ததும் என் அண்ணன் மகள் அந்த இடத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது. வேர்வை, தேங்காய் எண்ணெய், வேறெங்கோ உள்ள ஒரு சோப்பு, எல்லாம் சேர்ந்த ஒரு மனுஷி வாசம்.

தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டேன். பிள்ளை தூங்கியது. முன்பெல்லாம் சிணுங்கிக்கொண்டே இருப்பது, அன்று காலையில் கண்ணை மூடியது மாலை வரை திறக்கவில்லை. மறுநாளும் அப்படியே. எதிர்வீட்டு அண்ணி வந்து பார்த்து, தாய் வாசத்துக்கு மேல் மருந்தா என்று சொல்லிவிட்டுப் போனாள். வெள்ளிக்கிழமை போனில் மருமகளிடம் சொன்னேன்: “தூங்குறாடி, அழுவையே இல்ல. உம் பொடவதான் வேல செய்துது.” அவள் சிரித்தாள். குவைத்துக்குப் போன பிறகு அவள் சிரித்துக் கேட்டது அன்றுதான். புறங்கையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள் என்று போனிலேயே தெரிந்தது. பாவம், அது தூக்கம் அல்ல, அழுவதற்குக்கூடத் தெம்பு இல்லாத அசதி என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எனக்குத் தெரிந்தது இப்படித்தான். காது குத்த வந்த ஆசாரி தெருவில் போனார். பிள்ளைக்குக் காது குத்திவிடலாம் என்று அவரைக் கூப்பிட்டேன். மடியில் வைத்துக்கொண்டேன். ஊசி ஏறியதும் பிள்ளை வாயைத் திறந்து அழுதது. பிள்ளை அழுதால் முகம் சிவக்க வேண்டும். கறுப்புப் பிள்ளையானாலும் சரி, நெற்றி நரம்பு புடைத்து, காது வரை ரத்தம் ஏறும். இது அழுதது, முகம் சிவக்கவில்லை. நனைந்த சுண்ணாம்புச் சுவர் போல அப்படியே இருந்தது. காதில் குத்திய இடத்தில் வந்த துளியும் வெளிறிப்போய், தண்ணீரில் குங்குமம் கரைந்த மாதிரி இருந்தது. சிவக்காத அழுகையை அதற்கு முன்னால் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். இன்னொரு காதைக் குத்த விடவில்லை. ஆசாரி கூப்பிடக் கூப்பிட, பிள்ளையை அந்தப் புடவையோடு சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

திருப்பதியில் மகன் வேலை செய்யும் இடத்தைத் தேடிப் பிடித்தேன். சாரத்திலிருந்து சிமெண்டுக் கையோடு இறங்கி வந்தான். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், உடனே படுக்கையில் போடச் சொன்னார். ரத்தம் எடுத்தார்கள். பிள்ளையுடையது, மகனுடையது, என்னுடையதுகூட. பெற்றவள் எங்கே என்று கேட்டார். குவைத் என்று சொன்னேன். சொன்ன கையோடு, கேட்காமலே எல்லாவற்றையும் கொட்டினேன். போகும்போது சிவப்பாக இருந்தது, தாய் போனாள், ஏக்கம் பிடித்தது, வெளுத்துவிட்டது. டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “ஏக்கம் காதம்மா” என்றார், அது ஏக்கம் இல்லை என்று.

அவர் தெலுங்கில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளைக்கு ஒரு ரகமான ரத்தம். பேத்தி அதற்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் சொல்வாள், ஹீமோகுளோபின் என்று முடியும். வெளியே வந்த பிறகு அந்த ரகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், அதன் இடத்தில் நம்மைப் போன்ற பெரியவர்களுக்கு இருக்கும் ரகம் ஏறும். எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான், ராஜா வீட்டுப் பிள்ளைக்கும். அரை வருஷத்துக்குள் பெரும்பாலும் மாறிவிடும். மாறுவது வெளியே யாருக்கும் தெரியாது, ஒன்று இறங்க இறங்க மற்றது ஏறிவிடும். இந்தப் பிள்ளைக்கு முதல் ரகம் இறங்கியது. அடுத்தது ஏறவில்லை. தாயிடமிருந்து பாதிக் குறை, தகப்பனிடமிருந்து பாதிக் குறை, இரண்டும் சேர்ந்து முழுக் குறையாகப் பிள்ளைக்கு வந்துவிட்டது. கருவிலேயே முடிவான விஷயம். தாய் ராப்பகலாக மடியில் வைத்திருந்தாலும் இதே மாதத்தில் இதே மாதிரிதான் வெளுத்திருக்கும்.

எனக்கு வேர்க்கடலை ஞாபகம் வந்தது. விதை முளைத்து வரும்போது இரண்டு பருப்பும் தடித்துக்கொண்டு கூடவே மேலே வரும். செடி அந்தப் பருப்பைத் தின்றுகொண்டுதான் முதலில் பச்சையாக நிற்கும். பார்க்கிறவனுக்கு நல்ல செடி. பருப்பு வற்றிச் சுருங்கிய பிறகுதான் வேர் பிடித்ததா இல்லையா என்பது தெரியும். பருப்பு வற்றின அன்றைக்கு வயலில் யார் நடந்தார்களோ அவர்கள் கால் பட்டுத்தான் செடி வாடியது என்று சொன்னால் எப்படி? நாங்கள் சொன்னது அப்படித்தான்.

எனக்கும் மகனுக்கும் அந்தப் பாதிக் குறை இருப்பதாகச் சோதனையில் வந்தது. மருமகள் என் அண்ணன் மகள். ஆக, அவளுக்கு வந்ததும் எங்கள் அப்பன் வீட்டு வழியாகத்தான் இருக்க வேண்டும். ஊரில் போய்க் குழாயடியில் நின்று இதைச் சொன்னேன். “கேட்டுக்குங்கடி. கொற எம் பொறந்த ஊட்டுது. எம் மருமவளுது இல்ல. இனிமே எவளாவது சவலைனு வாயத் தொறந்தா கொடத்துத் தண்ணிய மூஞ்சியில ஊத்துவேன்.” எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. என் பிறந்த வீடு எதையும் தாங்கும்.

அதற்கு முன்னால், ஆஸ்பத்திரியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு ரத்தம் ஏற்ற ஆள் தேடினார்கள். மலையில் மொட்டை போட்டுவிட்டு இறங்கிய ஒருவர், நடு வயதுக்காரர், தலையில் சந்தனம் காய்ந்தும் காயாமலும் வந்து படுத்துக் கையை நீட்டினார். எந்த ஊரோ, கன்னடம் பேசினார். மதியம் பிள்ளைக்கு ஏற்றினார்கள். நான் நீலப் புடவையை அதன் கைக்கு அடியில் மடித்து வைத்துக்கொண்டு, உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் சாய்வதற்குள் அந்தக் கையில் ஒரு சிவப்பு வந்தது, கோலத்தில் காவி இழுத்த மாதிரி. பசித்து அழுதது. அழுதபோது முகம் சிவந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள், பிள்ளை அழுகிறது இந்தக் கிழவி சிரிக்கிறாளே என்று பார்த்தார்கள். அப்போது நான் கிழவியும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை பூத்துக்குப் போனேன். டாக்டரம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தேன். போனைப் பிடித்துக் கத்தினேன். வயிற்று ரத்தம், வெளி ரத்தம், இறங்குவது, ஏறுவது. பூத்துக்காரப் பிள்ளை, “ஆயா, மெதுவா பேசு. நீ கத்துற கத்துக்கு ஒயரே இல்லாம குவைத்துக்குப் போவும்” என்றான். “நீ சும்மா கெட நைனா” என்றேன். கடைத்தெருவே கேட்டது. அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்:

“நீ என்னத் தேத்துறதுக்குச் சொல்ற அத்தை.”

“தேத்துறதுக்கு இம்மா நீளத்துக்குப் பொய் கட்ட எனக்கு வருமாடி?”

“நான் அங்க இருக்கச்சொல்ல செவப்பா இருந்துது. நான் வந்தேன், வெளுத்துப்போச்சு. நடுவுல வேற இன்னா நடந்துது, சொல்லு?”

நடுவில் நடந்தது கண்ணுக்குத் தெரியாத விஷயம். அவள் போனது ஊர் பார்த்த விஷயம்.

“நான் வந்துட்றேன் அத்தை” என்றாள்.

“வராதே” என்றேன். மாதா மாதம் ரத்தம் வேண்டும். ஏற்றின ரத்தத்தால் உடம்பில் சேரும் இரும்பை எடுக்க மருந்து வேண்டும். கொத்துக் கூலியில் நடக்காது. அவளும் அதை அறிவாள். தன்னால்தான் வெளுத்தது என்று நினைத்தவள், அந்தப் பிள்ளைக்காகவே திரும்பி வராமல் அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. அந்தப் பக்கம் போனை வைக்கும் சத்தம் கேட்டது.

வருஷங்கள் போயின. முதல் லீவில் அவள் வந்தபோது பேத்திக்குப் பேச்சு நன்றாக வந்திருந்தது. என் முந்தானைக்குப் பின்னால் நின்று, “ஆயா, இந்த அத்தை எப்ப ஊருக்குப் போவும்?” என்று கேட்டாள். மருமகள் அவளைத் தூக்கி முத்தம் கொடுப்பாள் என்று பார்த்தேன். கொடுக்கவில்லை. கட்டை விரலால் இமையைக் கீழே இழுத்துச் சிவப்பு இருக்கிறதா என்று பார்த்தாள். இன்றைக்கு வரை அவளுக்குக் கொஞ்சல் என்றால் அதுதான்.

முழங்கால் இரண்டும் போன பிறகு, கொரோனாவுக்கு முந்தி, ஒரேயடியாக வந்துவிட்டாள். மகன் இப்போது பெங்களூரில் மேஸ்திரி, பொங்கலுக்கு வருவான். வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள். அவள் தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி இருக்கிறாள். டம்ளரை எங்கே வைப்பது என்று என்னைக் கேட்கிறாள். ரத்தம் ஏற்றும் தேதி நெருங்க நெருங்க மகள் முகம் கொஞ்சம் வெளுக்கும் அல்லவா, அந்த நாட்களில் இவள் யாரோடும் பேச மாட்டாள், சோறும் இறங்காது. வந்த புதிதில் என் டிரங்குப் பெட்டியில் இந்த நீலப் புடவையைப் பார்த்தாள். எடுத்து முகத்தில் வைத்து முகர்ந்தாள். அந்துருண்டை வாசம்தான் வந்திருக்கும். “சீக்கிரம் போயிட்டிருக்கும் அத்தை, வாசம். நான் இன்னும் கொஞ்ச நாள் கட்டி அனுப்பிச்சிருக்கணும்” என்றாள். பேத்தி நெட் சென்டரில் வேலை செய்பவள். போனில் படமெல்லாம் காட்டி, இந்தக் கோடு இறங்குகிறது பார், இந்தக் கோடு ஏறுகிறது பார் என்று அம்மாவுக்குச் சொன்னாள். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். கோடு வந்து அவள் நெஞ்சில் இருப்பதை அழிக்குமா? ஆஸ்பத்திரிக்கு மட்டும் தவறாமல் கூட வருவாள். வார்டுக்குள் வர மாட்டாள். கேரியரை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறாள்.

இனி, முதலில் சொல்கிறேன் என்றதைச் சொல்கிறேன். டாக்டரம்மா அன்று என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். உங்கள் வீட்டில் இதற்கு முன் இப்படி ஏதாவது பிள்ளை போயிருக்கிறதா? நான் சொன்னேன்: “ஒக பாபு போயாடு.” ஒரு ஆண் பிள்ளை போனான் என்று. தெலுங்கில் சொன்னதால் வந்தது. வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல வந்தது. அப்படியானால் உங்கள் வீட்டுக்காரருக்கும் அந்தப் பாதிக் குறை இருந்திருக்கும் என்றார் டாக்டரம்மா. தமிழில் நான் அதை யாரிடமும் சொன்னதில்லை. மடிப்பிள்ளை போனால் அதைப் பற்றிப் பேச்செடுக்கக் கூடாது, பேச்செடுத்தால் இருக்கிற பிள்ளைகள் காதில் விழுந்து அவையும் கூடப் போய்விடும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். தூளித்துணியோடு சேர்த்துப் பேச்சையும் ஏரிக்கரையில் புதைத்துவிட்டு வருவார்கள். என் மாமியார் அன்றைக்கே என் வாயில் விரலை வைத்துவிட்டார். அதனால் எத்தனை பிள்ளை என்று கேட்டால் நான் நாலு என்றுதான் சொல்லுவேன்.

அவன் என் இரண்டாவது பிள்ளை. மூத்தவனைவிட அழகு, நல்ல சிவப்பு. தவழும் வயதில் வெளுத்தான், வயிறு உப்பியது. பட்சி தோஷம் என்றார்கள், மயிலிறகால் மந்திரித்தார்கள். அவன் அழுதால் முகம் சிவக்காது. நான் அவனை ஒருநாள்கூட, ஒரு வேளைகூட விட்டுப் போனதில்லை. தண்ணீருக்குப் போனாலும் இடுப்பில், களை எடுக்கப் போனாலும் வரப்பு வேப்பமரத்தில் தூளி. கடைசி வரை என் பால்தான். போகும்போது அவன் வாய் என் மார்பில்தான் இருந்தது. துவைத்த புடவையா துவைக்காத புடவையா என்ற பேச்சே அங்கே இல்லை, அந்தப் புடவைக்குள் நானே இருந்தேன். அப்படியும் வெளுத்தான். அப்படியும் போனான். தாய் ஊரில் இல்லாததால் ஒரு பிள்ளை வெளுக்கும் என்றால், அவன் ஏன் வெளுத்தான்? என் அண்ணன் மகள் அப்போது பிறக்கவில்லை. அவளுக்கு இது தெரியாது. பூத்தில் அவள், நடுவில் வேறு என்ன நடந்தது என்று கேட்டாளே, அதற்குப் பதில் என்னிடம் அன்றைக்கே இருந்தது. கடைத்தெருவில் நின்றுகொண்டு அதைத் தமிழில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இப்போது சொல்லிவிட்டேன். பெற்றது ஐந்து, அதில் வளர்ந்தது நாலு. ஐந்தாவதாக வளர்த்தது இதோ எழுதிக்கொண்டிருப்பவளை.

எழுதிக்கொண்டிருப்பவள் நிறுத்திவிட்டாள். பேனாவைப் புடவைமேல் போட்டுவிட்டு என்னையே பார்க்கிறாள். அழுகிறாள். பையில் முக்கால்வாசி இறங்கிவிட்டது. மூக்கு நுனி, கன்னம், காது மடல், நான் அன்றைக்குக் குத்தவிடாமல் பிறகு குத்திய அந்தக் காது வரை, நன்றாகச் சிவந்திருக்கிறது. எனக்கு அது போதும். இதையும் எழுது என்றேன், எழுதுகிறாள்.

“ஆயா, அந்தப் புள்ளைக்குப் பேர் இன்னா?”

“அத அப்பறம் சொல்றேன். மொதல்ல எழுதினதப் படி.”

“எதுலேர்ந்து?”

“எனக்கு எழுவத்திநாலு வயசுன்னு ஆரம்பிச்ச இல்ல, அதுலேர்ந்து. சத்தமா.”

“வார்டுல எல்லாரும் பாக்குறாங்க ஆயா.”

“பாக்கட்டும். கதவு தெறந்துதான் கீது. பெஞ்சி வரைக்கும் கேக்கணும். படி.”